அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் அரணும் உணவுக் கொழுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வரும் நோயாளியின் உறவினர்கள் உணவைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பாதியாவது கொழுப்பைப் பற்றியவை. எண்ணெய் சேர்க்கலாமா, நெய் ஆகுமா, கஞ்சி மட்டும் போதுமா என்பவை அவற்றுள் சில. இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் மருத்துவ உலகம் 40 ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் ஒரு சிக்கல் இருக்கிறது. குடலுக்குள் இருக்க வேண்டிய பாக்டீரியா அறுவை சிகிச்சைக்குப் பின் உடலுக்குள் கசியாமல் காப்பது எப்படி, அதில் உணவுக் கொழுப்பின் பங்கு என்ன என்பதே அது. கீழே உள்ள விடைகள் பொதுவானவை. ஒவ்வொருவருக்கும் உரிய உணவை அவருடைய அறுவை மருத்துவரும் உணவியல் வல்லுநருமே முடிவு செய்ய வேண்டும்.

குடல் அரண் என்றால் என்ன?

குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒற்றைச் செல் தடிமனுள்ள ஒரு படலம். அதன் ஒரு பக்கத்தில் உணவும் பாக்டீரியாவும், மறு பக்கத்தில் இரத்தமும் நிணநீரும் இருக்கின்றன. மனித உடலில் வாழும் பாக்டீரியாவின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது; அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் உள்ளன. இவ்வளவு பெரிய கூட்டத்தை ஒற்றைச் செல் படலம் மட்டும் தடுத்துவிட முடியாது. செல்களை ஒன்றோடொன்று தைத்ததுபோல் இறுக்கிப் பிடிக்கும் ஆக்லூடின், கிளாடின் போன்ற புரதங்கள், செல்களுக்கு மேல் பரவியிருக்கும் சளிப்படலம், அந்தச் சளியில் கலந்திருக்கும் ஐ.ஜி.ஏ. எதிர்ப்புரதம், சிறுகுடலின் ஆழத்தில் இருந்து கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரக்கும் பேனெத் செல்கள், பித்தநீர், குடலின் அசைவு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அரண். பெருங்குடலில் சளி இரண்டு அடுக்காக இருக்கிறது. செல்களை ஒட்டிய உள்ளடுக்கில், நலமாக உள்ளவர்களிடம், பாக்டீரியா ஏறத்தாழ இருப்பதே இல்லை.

குடலின் உட்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவுக்கு வரும் என்று பாடநூல்களில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மீண்டும் அளந்தபோது அது சுமார் 32 சதுர மீட்டர் என்று தெரியவந்தது. அதாவது ஒரு சிறிய ஃபிளாட்டின் தரையளவு. ஆனாலும் காக்க வேண்டிய எல்லை சிறியதன்று.

இந்தப் படலத்தின் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாற்றப்படுகின்றன. இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசு, இரத்த ஓட்டமோ ஊட்டமோ சில நாட்கள் குறைந்தாலே தளர்ந்துவிடும்.

என்னுடைய அறுவை குடலில் நடக்கவே இல்லையே, பிறகு ஏன் குடலைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

இதயம், எலும்பு, கல்லீரல் என எங்கே பெரிய அறுவை நடந்தாலும், உடல் அதை ஒரு காயமாகவே எடுத்துக்கொள்கிறது. இரத்தம் இழக்கும்போதும் இரத்த அழுத்தம் குறையும்போதும் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காகக் குடலுக்குப் போகும் இரத்தத்தை உடல் முதலில் சுருக்குகிறது. குடல் படலத்தில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனிகளுக்கு இயல்பிலேயே பிராணவாயு குறைவாகத்தான் கிடைக்கிறது; ஆகவே பாதிப்பும் அங்கேதான் தொடங்குகிறது. இதனுடன் பட்டினி, குடல் அசைவை மந்தமாக்கும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகள், நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும் ஆண்டிபயாட்டிக், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எல்லாம் சேர்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயமான காரணம் உண்டு. ஆனால் குடலின் பார்வையில் எல்லாம் ஒரே நாளில் வந்து விழுகின்றன.

பாக்டீரியா உண்மையிலேயே குடலை விட்டு வெளியே வருகிறதா?

வருகிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. குடலிலிருந்து உயிருள்ள பாக்டீரியா நிணநீர்க் கணுக்களுக்குச் செல்வதைக் குறிக்க ‘பாக்டீரியா இடப்பெயர்ச்சி’ என்ற சொல்லை 1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்க், கார்லிங்டன் ஆகியோர், சுண்டெலிகளில் செய்த ஆய்வின் அடிப்படையில் வழக்கில் கொண்டுவந்தார்கள். 1990-களில் இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில், வயிற்று அறுவைக்கு உள்ளான நோயாளிகளின் குடல் நிணநீர்க் கணுவிலிருந்து சிறிதளவு எடுத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் குடல் பாக்டீரியா வளர்ந்தது. அதிகம் காணப்பட்டது ஈ. கோலை. அவ்வாறு பாக்டீரியா காணப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய தொற்று மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏற்பட்டது. கூடுதலாக ஏற்பட்டது என்றுதான் சொல்லலாம். கணுவில் பாக்டீரியா இருந்த பலருக்கு எந்தத் தொற்றும் வரவில்லை.

பாக்டீரியா முழுதாக வெளியே வராவிட்டாலும், அதன் மேலுறையின் துண்டான எண்டோடாக்சின் கசிந்தாலே போதும். நோய் எதிர்ப்பு செல்கள் அதைக் கண்டு டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்களை வெளியிடும். அந்த அழற்சி குடல் அரணை மேலும் தளர்த்தும்; தளர்ந்த அரண் வழியே இன்னும் கசியும். இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்ற தேடலில்தான் கொழுப்பு வந்து சேர்ந்தது.

கொழுப்பு எப்படி அழற்சியைக் குறைக்கும்?

இதற்கு விடை கிடைத்த வழி எதிர்பாராதது. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால், எண்டோடாக்சின் செலுத்தப்பட்ட எலிகளில் டி.என்.எஃப். குறைந்து, அதிர்ச்சி நிலை (இரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போவது) தடுக்கப்படுகிறது என்று அமெரிக்காவில் கெவின் டிரேசியின் குழு 2000-இல் காட்டியது. நரம்பின் முனையில் வெளியாகும் அசிட்டைல்கோலினின் செய்தி, அழற்சி செல்களின் மேலுள்ள, செய்தியை வாங்கும் புரதமான நிக்கோட்டினிக் ஏற்பி ஒன்றின் வழியாகச் செயல்பட்டு, அவற்றை அடங்கச் செய்கிறது. ஆல்ஃபா-7 என்ற அந்த ஏற்பி 2003-இல் அடையாளம் காணப்பட்டது.

நரம்பைத் தூண்ட மின்கருவிதான் வேண்டுமா என்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் யோசித்தார்கள். உணவுக் கொழுப்பு சிறுகுடலின் முதல் பகுதியை அடைந்ததும், அங்குள்ள செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பித்தப்பையைச் சுருங்கச் செய்வதும், ‘போதும்’ என்ற நிறைவை மூளைக்குச் சொல்வதும் அதுவே. அந்த நிறைவுச் செய்தி பயணிப்பது வேகஸ் நரம்பின் வழியாகத்தான். லூயர் முதலான அந்தக் குழுவினர், இரத்தப்போக்கால் அதிர்ச்சி நிலைக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளுக்கு, ஆற்றலில் சுமார் பாதி கொழுப்பிலிருந்து வரும் திரவ உணவைக் குழாய் வழியே கொடுத்தார்கள். கொழுப்பு குறைந்த உணவு பெற்ற எலிகளையும் பட்டினி கிடந்த எலிகளையும்விட, இவற்றின் இரத்தத்தில் டி.என்.எஃப். குறைவாகவும் குடலின் கசிவு குறைவாகவும் இருந்தன. கோலிசிஸ்டோகைனின் ஏற்பிகளை மருந்தால் அடைத்தாலோ, வேகஸ் நரம்பை வெட்டினாலோ, நிக்கோட்டினிக் ஏற்பிகளை மறித்தாலோ இந்தப் பாதுகாப்பு மறைந்துபோனது. 2005-இல் வெளியான இந்த ஆய்வின் அழகே அதில்தான் இருக்கிறது. சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்து, கொழுப்பு எந்த வழியாக வேலை செய்கிறது என்று நிறுவினார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கோலிசிஸ்டோகைனின் சுரந்தால் பித்தநீர் குடலுக்குள் இறங்கும். பித்த அமிலங்கள் சிறுகுடலில் பாக்டீரியா மிகுதியாக வளர்வதைத் தடுக்கின்றன. பித்தநாளம் அடைபட்ட மஞ்சள்காமாலை நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் தொற்று எளிதில் ஏற்படுவதற்குப் பித்தநீர் குடலை அடையாததும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பல நாட்கள் வாய்வழி உணவே இல்லாதவர்களின் பித்தப்பையில் கசடு தேங்குவதையும் மருத்துவமனையில் அடிக்கடி பார்க்கிறோம்.

எந்தக் கொழுப்பாக இருந்தாலும் இது நடக்குமா? தேங்காய் எண்ணெய் நல்லது என்கிறார்களே?

கோலிசிஸ்டோகைனினைச் சுரக்கச் செய்ய, கொழுப்பு அமிலத்தின் சங்கிலியில் குறைந்தது 12 கார்பன் அணுக்கள் இருக்க வேண்டும். எட்டு, பத்து கார்பன் கொண்ட நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு இந்த ஹார்மோனை எழுப்புவதில்லை. அது செரிமானம் அதிகம் வேண்டாமல் நேரே கல்லீரலுக்குச் சென்றுவிடுகிறது. ஆற்றல் தருவதற்கு அது சிறந்தது. நரம்பு வழிப் பாதுகாப்பைத் தூண்டுவதற்கு அது உதவாது.

தேங்காய் எண்ணெயை நடுத்தரச் சங்கிலி எண்ணெய் என்று கடைகளில் விற்கிறார்கள். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அதாவது 12 கார்பன். எட்டும் பத்தும் சிறு பங்கே. மருத்துவமனையில் பயன்படும் எம்.சி.டி. எண்ணெய்க்கு, அதாவது எட்டு, பத்து கார்பன் கொண்ட நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புக்கு, தேங்காய் எண்ணெய் மாற்றாகாது. இது பின்னால் வரும் ஒரு விடையிலும் முக்கியமாகிறது.

மனிதர்களிடம் இது நிரூபிக்கப்பட்டதா?

எலிகளில் கிடைத்த அளவுக்குத் தெளிவான பலன் மனிதர்களிடம் கிடைக்கவில்லை. நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் பெருங்குடல் அறுவைக்கு உள்ளான 280 பேரிடம் நடந்த சானிக்ஸ்-2 என்ற ஆய்வு 2018-இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு அறுவைக்குச் சற்று முன்பே தொடங்கி, அதன்பின் சில மணி நேரம் வரையிலும் கொழுப்பு மிகுந்த திரவ உணவு சிறுகுடலுக்குள் குழாய் வழியே கொடுக்கப்பட்டது. அறுவைக்குப் பின் குடல் அசைவு நின்றுபோவதும், வெட்டித் தைத்த குடல் இணைப்பு கசிவதும் இதனால் குறையவில்லை.

இந்த முடிவைப் பார்த்து எலி ஆய்வு தவறு என்று சொல்வது அவசரம். அந்த எலிகள் இரத்தம் வடிந்து அதிர்ச்சி நிலையில் இருந்தவை. சானிக்ஸ் நோயாளிகள் முன்கூட்டியே திட்டமிட்ட அறுவைக்கு, பெரும்பாலும் நல்ல பராமரிப்பின் கீழ், வந்தவர்கள். சிறுதுளை அறுவை, குறைந்த பட்டினி, சீக்கிரம் எழுந்து நடத்தல் ஆகியவற்றால் அவர்களுடைய அழற்சி ஏற்கெனவே தணிந்திருக்கக்கூடும். கூடுதலாக அணைக்கத் தீ அதிகம் இல்லாமல் போயிருக்கலாம். இது என் ஊகம். ஆனால் அறுவை அன்று கொழுப்புத் திரவத்தை மருந்துபோல் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைக்க இன்று போதிய சான்று இல்லை என்பதில் ஊகத்துக்கு இடமில்லை.

கொழுப்பு மிகுந்த உணவு குடலைக் கெடுக்கும் என்றும் படித்தோம். இரண்டில் எது உண்மை?

இரண்டும் உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மேலே சொன்னது, அறுவையை ஒட்டிய சில மணி நேரத்தில் குடலை எட்டும் கொழுப்பு. கெடுதல் செய்வது, வாரக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்து நார்ச்சத்து இல்லாமல் போகும் உணவு முறை. 2007-இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள், நான்கு வாரம் கொழுப்பு மிகுந்த உணவு தின்ற சுண்டெலிகளின் இரத்தத்தில் எண்டோடாக்சின் இரண்டு மூன்று மடங்கு உயர்வதைக் கண்டார்கள். கொழுப்பை ஏற்றிச் செல்லும் கைலோமைக்ரான் துகள்களே எண்டோடாக்சினையும் சுமந்து செல்கின்றன.

அறுவையோடு நேரடியாகத் தொடர்புடைய சோதனையைச் செய்தது சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் ஆல்வெர்டியின் குழு. ஆறு வாரம் மேற்கத்திய பாணிக் கொழுப்புணவு தின்ற சுண்டெலிகளுக்கு, மருத்துவமனையில் நடப்பதைப் போலவே, ஆண்டிபயாட்டிக் கொடுத்து, சிறிது நேரம் பட்டினி போட்டு, கிருமித் தொற்று ஏதுமில்லாத தூய முறையில் கல்லீரலின் 30 விழுக்காட்டை அகற்றினார்கள். வழக்கமான நார்ச்சத்துத் தீனி தின்றவை பெரும்பாலும் பிழைத்தன. கொழுப்புணவு தின்றவற்றில் பல, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத குடல் பாக்டீரியா கல்லீரலையும் இரத்தத்தையும் அடைந்ததால் இறந்தன. 2019-இல் வெளியான இந்த ஆய்வில் அறுவைக் கத்தி குடலைத் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே குழு 2015-இல், எண்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா திசுவைப் பிணைத்து வைக்கும் கொலாஜன் புரதத்தைக் கரைக்கும் நொதியைச் சுரந்து, எலிகளின் குடல் இணைப்பைக் கசிய வைப்பதையும் காட்டியிருந்தது. பின்னர் வந்த ஒரு சுண்டெலி ஆய்வில், கொழுப்புணவில் வளர்ந்தவற்றை அறுவைக்கு முன் குறுகிய காலம் கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து மிகுந்த தீனிக்கு மாற்றியபோது, இணைப்பு நன்றாக ஆறியது.

ஆகவே, ‘கொழுப்பு நல்லதா கெட்டதா’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. எவ்வளவு காலம், எதனுடன், எப்போது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். திட்டமிட்ட அறுவைக்கு நாள் குறித்தவர், இடையில் இருக்கும் வாரங்களில் பொரித்ததையும் பேக்கரிப் பண்டங்களையும் குறைத்து, பயறு, கீரை, காய், முழுத் தானியம் ஆகியவற்றைக் கூட்டுவதில் தவறேதும் இல்லை. குடல் அடைப்போ சுருக்கமோ உள்ளவர்களுக்கு மட்டும் நார்ச்சத்தை மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

நெய்யில் பியூட்டிரேட் இருக்கிறதாம். கஞ்சியில் நெய் ஊற்றினால் குடல் ஆறுமா?

பெருங்குடல் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலத்திலிருந்து பெறுகின்றன என்பது உண்மை. பால் கொழுப்பில் மூன்று நான்கு விழுக்காடு அது இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி நெய் ஐந்து கிராம். அதில் பியூட்டிரேட் 0.2 கிராமுக்கு மேல் இராது. அதுவும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பெருங்குடல் பாக்டீரியா நாளொன்றுக்குப் பல கிராம் பியூட்டிரேட்டை, தேவைப்படும் இடத்திலேயே உண்டாக்குகின்றன.

நெய் ஒரு தேக்கரண்டி விடுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. வாய்க்கு ருசி, சிறு அளவில் கூடுதல் ஆற்றல், கோலிசிஸ்டோகைனினை எழுப்பக்கூடிய நீள்சங்கிலிக் கொழுப்பு ஆகியவை அவை. பசியே எடுக்காத நோயாளி அந்த மணத்துக்காக இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டால், அதுவே பெரிய லாபம்.

இரத்தக் குழாய் வழியே ஏற்றும் வெள்ளை நிறக் கொழுப்பு மருந்தும் இதே பலனைத் தருமா?

தராது. 1960-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் உருவாக்கிய சோயா எண்ணெய்க் குழம்புதான் இந்த வகையின் முன்னோடி. வாய்வழியாகவோ குழாய் வழியாகவோ உண்ணவே முடியாதவர்களுக்கு அது உயிர் காக்கும். ஆனால் அந்தக் கொழுப்பு குடலைத் தொடாமல் இரத்தத்துக்குப் போவதால், குடலில் ஹார்மோன் சுரப்பதில்லை, பித்தப்பை சுருங்குவதில்லை, குடல் படலத்துக்கு உள்ளிருந்து ஊட்டம் கிடைப்பதில்லை. முழுதும் இரத்தக் குழாய் வழி ஊட்டத்தில் வைக்கப்பட்ட எலிகளில் பாக்டீரியா இடப்பெயர்ச்சி கூடுவதை ஆல்வெர்டி 1980-களிலேயே காட்டினார்.

மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா?

மீன் எண்ணெயின் ஒமேகா-3, அழற்சியைத் தணிக்கும் பொருட்களுக்கு மூலம். அதனுடன் ஆர்ஜினின், நியூக்ளியோடைடு சேர்த்த சிறப்பு ஊட்டத் திரவங்கள், புற்றுநோய்க்காகப் பெரிய அறுவை செய்துகொள்ளும் ஊட்டம் குறைந்த நோயாளிகளுக்கு, பொதுவாக அறுவைக்கு முன் ஐந்து முதல் ஏழு நாட்கள் தரப்படுகின்றன. கடையில் வாங்கும் மாத்திரை அந்தத் திரவத்துக்குச் சமமன்று. தீவிர நுரையீரல் பாதிப்பில் இருந்தவர்களுக்கு ஒமேகா-3 கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று, பலன் இல்லாததாலும் தீங்கு நேரலாம் என்பதாலும் பாதியில் நிறுத்தப்பட்டு, 2011-இல் வெளியிடப்பட்டது.

தயிரும் புரோபயாட்டிக்கும்?

குணமாகி வருபவருக்குப் புதிய தயிர் நல்ல உணவு. செறிவூட்டிய புரோபயாட்டிக் மருந்து வேறு விஷயம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி கொண்ட 296 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்தார்கள். புரோபயாட்டிக் பெற்ற ஒன்பது பேருக்குக் குடலின் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்து யாரும் கொடுத்துவிட வேண்டாம்.

வாயு பிரிந்த பிறகுதான் சாப்பிட வேண்டுமா?

நம் வார்டுகளில் காலை ரவுண்ட்ஸில் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘காற்று பிரிந்ததா?’ என்பதே. அது வரும்வரை வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் ட்ரிப்ஸில் வைத்திருப்பது நெடுங்காலப் பழக்கம். இந்தப் பழக்கத்துக்கு ஆதாரம் பலவீனமானது. செரிமான மண்டல அறுவைக்கு உள்ளான 837 பேரைக் கொண்ட 11 ஆய்வுகளை 2001-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, 24 மணி நேரத்துக்குள் உணவு தொடங்கப்பட்டவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது; வாந்தி மட்டும் சற்றுக் கூடியது. டென்மார்க்கில் ஹென்ரிக் கெலெட் 1990-களில் வகுத்த விரைவு மீட்சி முறையும் இதையே வலியுறுத்துகிறது. மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வரை திட உணவும், இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீர்மமும் பெரும்பாலோருக்கு அனுமதிக்கப்படுகின்றன.

முதல் நாள் உணவு நிறைய இருக்க வேண்டியதில்லை. வயிறு உப்பாமல், குமட்டாமல் போகும் அளவுக்குச் சிறிது சிறிதாக இருந்தால் போதும். குழாய் வழி உணவாக இருந்தாலும் குறைந்த வேகத்தில் தொடங்குவதே வழக்கம். வாய்க்குக் கொடுக்கவே கூடாது என்று மருத்துவர் காரணத்தோடு சொல்லியிருந்தால் அதுவே முடிவு.

யாருக்குக் கொழுப்பைத் தவிர்க்க வேண்டும்?

உணவுக்குழாய், கணையம், கழுத்து, மார்பு ஆகிய இடங்களில் அறுவை செய்யும்போது நிணநீர்க் குழாய் காயப்பட்டால், வடிகுழாயில் பால்போன்ற திரவம் வரத் தொடங்கும். கைலஸ் கசிவு எனப்படும் இந்த நிலையில் நீள்சங்கிலிக் கொழுப்பு கசிவை அதிகமாக்கும். நிணநீர் வழியே போகாத எம்.சி.டி. எண்ணெய் மட்டுமே கொடுக்கப்படுகிறது. தேங்காய் எண்ணெயை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி நிணநீர் வழியேதான் போகிறது.

இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க உயர் அளவு மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு, கொழுப்பு மட்டுமல்ல, எந்த உணவையும் குடலுக்குள் அவசரப்பட்டுச் செலுத்துவது ஆபத்து. பிரான்சில் அதிர்ச்சி நிலையில் இருந்த 2,410 பேரிடம் நடந்த நியூட்ரிரியா-2 ஆய்வில், குடல் வழி உணவு பெற்றவர்களிடம் குடலின் இரத்த ஓட்டம் தடைப்படுவது, எண்ணிக்கையில் சிறிதே ஆனாலும், கூடுதலாக இருந்தது. கணையத்தின் பெரும்பகுதி அகற்றப்பட்டவருக்குக் கொழுப்பு செரிக்க நொதி மாத்திரை வேண்டும். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் உணவைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் அந்த மாத்திரையின் அளவைப் பற்றிக் கேளுங்கள்.